ஆட்டம் இருக்கட்டும், கூட்டம் வேண்டாம்

தங்கச்சி, டெக்சஸிலிருந்து நியூஜெர்ஸிக்கு வீடு மாறி வந்து நீ இன்னும் பெட்டிகளைக்கூடப் பிரித்து முடிக்கவில்லை. அதற்குள் 2021 ஜூன் பிறந்து கோடை விடுமுறையும் வந்து நிற்கிறது. பெரியவனுக்கு பேஸ்பால், சின்னவளுக்கு நீச்சல், வாரக் கடைசியில் காலையில் போய் இரவுக்குள் திரும்புகிற மாதிரி எங்காவது ஒரு பயணம். இதெல்லாம் இந்த வருஷம் செய்யலாமா என்று கேட்டாய். செய்யலாம். செய்யத்தான் வேண்டும். கோவிட்டால் பதினைந்து மாதமாகத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து வகுப்பு கேட்ட பிள்ளைகளுக்கு வெயிலும் வியர்வையும் மருந்து மாதிரி. ஆனால் எதை விடாமல் செய்ய வேண்டும், எதைத் தயவு பார்க்காமல் வெட்ட வேண்டும் என்று தெரிந்து செய்.

போன கோடை முழுக்க இங்கே நான் பார்த்துப் புரிந்துகொண்டது இதுதான்: மைதானத்தில் ஓடுகிற பிள்ளையைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். திறந்த வெளியில் மூச்சுக்காற்று கலைந்து போய்விடும். பந்துக்குப் பின்னால் ஓடுகிற இருவர் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதும் சில வினாடிதான். கவலை ஆட்டத்தின் இரண்டு ஓரங்களில் இருக்கிறது. நாலு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிற கார், தோளோடு தோள் இடித்து உட்காரும் டக்அவுட், உடை மாற்றும் அறை, ஆட்டம் முடிந்ததும் கடைக்குள் உட்கார்ந்து சாப்பிடும் பீட்சா. ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு இவற்றைக் குறை.

முதலில் வீட்டுக் கணக்கு. 12 முதல் 15 வயதுக்கு ஃபைசர் ஊசி போடலாம் என்று மே 10-ஆம் தேதி அனுமதி வந்த வாரமே பெரியவனுக்குப் போட்டுவிட்டாய், ரொம்ப நல்லது. இரண்டாம் ஊசி போட்டு இரண்டு வாரம் முடியும்வரை அவனுக்கு முழுப் பாதுகாப்பு வந்துவிட்டதாக எண்ணாதே. சின்னவளுக்கு எட்டு வயது, அவள் வயதுக்கு ஊசியே இன்னும் வரவில்லை. அதனால் இந்தக் கோடையில் குடும்பத்துக்கு அவள்தான் அளவுகோல். மே 28 முதல் இங்கே கடைகளுக்குள்ளும் மாஸ்க் கட்டாயமில்லை என்று அரசு சொல்லிவிட்டது, சுற்றியிருப்பவர்கள் கழற்றியும் விட்டார்கள். அவளோடு கூரைக்குக் கீழே போகும்போது நீங்கள் நாலு பேருமே போட்டுக்கொள்ளுங்கள். அவள் மட்டும் போட்டால் தண்டனை மாதிரி தெரியும், நாலு பேரும் போட்டால் வீட்டு வழக்கம். வெளியே புல்வெளியில், கூட்டம் இல்லாத இடத்தில், தாராளமாகக் கழற்றலாம். இந்தியாவில் வேகமாகப் பரவுகிற கோவிட் வகைக்கு டெல்டா என்று போன மாதக் கடைசியில் பெயர் வைத்தார்கள். அது இங்கேயும் வந்துவிட்டது. ஆகையால் ஜூனில் சரியாக இருந்த ஏற்பாடு ஆகஸ்டிலும் சரியாக இருக்கும் என்று எண்ணாமல், மாதம் ஒரு தடவை மறுபடி யோசி.

இன்னொன்று, இதை அலட்சியமாக விடாதே. இரண்டாம் ஊசிக்குப் பிறகு இளம்வயதுப் பையன்கள் சிலருக்கு இதயத் தசையில் வீக்கம் வந்ததாகச் செய்திகள் வருகின்றன. அரிதுதான், பெரும்பாலும் சீக்கிரம் குணமாகிவிடுகிறது. கோவிட் வந்து போன பிள்ளைகளுக்கும் இது வருவதுண்டு. நெஞ்சு வலிக்கிறது, படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று பையன் சொன்னால் அன்றைக்கு மைதானம் கிடையாது, மருத்துவரிடம்தான். கோவிட் வந்து தேறிய பிள்ளையை, குழந்தை மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை ஓடவிடாதே. அதற்கப்புறமும் படிப்படியாகத்தான்.

பேஸ்பாலுக்கு வருகிறேன். டிராவல் டீமில் சேரச் சொல்லி யாராவது உன்னைப் பிடிப்பார்கள். பையன் நன்றாக ஆடுகிறான், இந்த வயதை விட்டால் வராது என்பார்கள். இந்த வருஷம் வேண்டாம். டிராவல் டீம் என்றால் வாரக் கடைசியில் வேறு மாநிலம், ஹோட்டல், காலை உணவுக் கூடம், லிஃப்ட், பத்துக் குடும்பம். ஊர் ரெக் லீக் போதும். வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில் மைதானம், முடிந்ததும் நேரே வீடு.

போன வருஷம் இங்கே எல்லாம் எவ்வளவு மெதுவாகத் திறந்தது என்று உனக்குத் தெரியாது. ஜூன் 22-க்குத்தான் பயிற்சிக்கே விட்டார்கள், அதுவும் ஒருவரை ஒருவர் தொடாமல். ஜூலை 6-க்குப் பிறகுதான் பேஸ்பால், சாக்கர் ஆட்டங்கள். லிட்டில் லீக் உலகத் தொடர் 1947-இல் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக 2020-இல் நடக்கவேயில்லை. எங்கள் ஊர் மைதானத்தில் டக்அவுட்டைக் காலியாக விட்டு, வெளிவேலிக் கம்பியில் ஆறடிக்கு ஒன்றாகப் பைகளைக் கொக்கியில் மாட்டச் சொன்னார்கள். பையன்கள் அவரவர் பைக்கு நேராகத்தான் நிற்க வேண்டும். அம்பயர் கேட்சருக்குப் பின்னால் நிற்காமல் பிட்சருக்குப் பின்னால் நின்று தீர்ப்புச் சொன்னார். முடிந்ததும் கைகுலுக்கும் வரிசை இல்லை. இரண்டு அணியும் எதிரெதிர்க் கோட்டில் நின்று தொப்பியைக் கழற்றி ஒருவருக்கொருவர் காட்டிவிட்டுப் போனார்கள். அதில் ஒரு மரியாதை இருந்தது, எனக்கு ரொம்பப் பிடித்தது.

இந்த வருஷம் அவ்வளவு கெடுபிடி இருக்காது. அதனால் கோச்சிடம் நீயே கேள். ஹெல்மெட்டையும் கேட்சர் கவசத்தையும் பிள்ளைகள் மாற்றி மாற்றிப் போடுகிறார்களா? பெஞ்சில் எப்படி உட்கார வைப்பார்? யாருக்காவது கோவிட் வந்தால் எல்லாப் பெற்றோருக்கும் அன்றைக்கே செய்தி வருமா? மூன்றாவது கேள்விக்கு அவர் தயங்காமல் பதில் சொன்னால் அந்த அணியில் பிள்ளையைச் சேர்க்கலாம். ஹெல்மெட்டும் பேட்டும் சொந்தமாக வாங்கிக் கொடுத்துவிடு. பழையது கிடைத்தால் போதும், அடுத்த வருஷம் தலை அளவும் உயரமும் மாறிவிடும்.

கைக்கும் கணக்கு வேண்டும். ஒரு வருஷம் எறியாத தோள், முதல் மாதத்திலேயே பழைய வேகத்தை எட்டப் பார்க்கும். லிட்டில் லீக் விதிப்படி ஒரு நாளில் 9-10 வயதுப் பிள்ளை 75 பந்து, 11-12 வயது 85, 13 முதல் 16 வரை 95 பந்துதான் வீசலாம். அது உச்சவரம்பு, எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்கு இல்லை. உன் பையனை ஜூன் மாதம் முழுக்க அதில் பாதியில் நிறுத்து. கோச் எண்ணுவார் என்று விடாதே, நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சின்ன நோட்டில் நீயே கோடு போட்டுக்கொண்டு வா. ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் உன் வீட்டுக்காரர் பிள்ளைகளோடு கிரிக்கெட் ஆடினால், அந்தப் பந்துவீச்சையும் இந்தக் கணக்கில் சேர். பந்தில் எச்சில் தடவுவதை ஐசிசியே போன ஜூனில் தடை செய்துவிட்டது, நம் பிள்ளைகளும் அந்தப் பழக்கத்தை விடட்டும்.

சின்னவளின் நீச்சலைப் பற்றி நீ பயப்படுகிற அளவு பயம் வேண்டாம். குளோரின் சரியாகப் போட்ட குளத்துத் தண்ணீரில் இந்தக் கிருமி பரவுவதாகத் தெரியவில்லை. உடை மாற்றும் அறைதான் சிக்கல், ஈரமும் மூடிய கதவும் கூட்டமுமாக இருக்கும். வீட்டிலேயே நீச்சல் உடையைப் போட்டு மேலே ஒரு கவுனை மாட்டி அழைத்துப் போ. முடிந்ததும் பெரிய துண்டைச் சுற்றிக்கொண்டு கார் சீட்டில் இன்னொரு துண்டைப் போட்டு உட்கார வை. குளிப்பது வீட்டில்.

மற்ற பிள்ளைகளைக் காரில் ஏற்றிப் போக முடியாது என்று சொல்ல உனக்குச் சங்கடமாக இருக்கும். புது ஊர், புது சிநேகம். ஆனாலும் முதல் வாரமே சொல்லிவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஏற்றியே ஆக வேண்டிய நாளில் எல்லோருக்கும் மாஸ்க், ஏசி வெளிக்காற்றை இழுக்கிற மாதிரி, கண்ணாடிகள் இறங்கியபடி. நாலையும் இறக்க முடியாவிட்டால் எதிரெதிர் மூலையில் இருக்கிற இரண்டையாவது இறக்கு, காற்று குறுக்கே ஓடும்.

இடி இடித்தால் என்ன செய்வாய் என்று இப்போதே தீர்மானித்துக்கொள். இங்கே கோடை மாலையில் திடீரென்று வரும். எல்லோரும் ஒரே கூரைக்கடியில் ஓடி நெருக்கியடித்து நிற்பார்கள். நீ பிள்ளைகளோடு உன் காருக்குப் போ. கடைசி இடிச் சத்தம் கேட்டு முப்பது நிமிஷம் ஆன பிறகுதான் மைதானம். காரை எப்போதும் வெளியே போகிற பக்கம் பார்த்து நிறுத்தி வை.

சாப்பாட்டில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது, கட்டுச்சோறு நம் ரத்தத்தில் ஊறியது. புளியோதரை, எலுமிச்சைச் சாதம், மிளகாய்ப்பொடி நல்லெண்ணெய் தடவிய இட்லி, மூன்றும் கடையை எதிர்பார்க்க விடாது. முந்தின இரவே மோரில் உப்பும் பெருங்காயமும் போட்டு பாட்டிலில் முக்கால் அளவு ஊற்றி உறைய வை. காலையில் கூலரில் அதுதான் ஐஸ், மத்தியானம் அதுதான் குடிக்க. தயிர்சாதம் எடுத்தால் அந்தப் பாட்டில்களுக்கு நடுவிலேயே இருக்கட்டும். கெட்டுப்போகிற எந்த உணவும் குளிர்ச்சி இல்லாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது, வெயில் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். அணியில் ஸ்நாக் டியூட்டி உன் முறை வந்தால் பொதுத் தட்டு வேண்டாம், ஆளுக்கொரு பை. ஆட்டம் முடிந்ததும் டிக்கியைத் திறந்து, அந்த நிழலில் உட்கார்ந்து உங்கள் பிள்ளைகள் சாப்பிடட்டும். நாலடி தள்ளி இன்னொரு குடும்பம் அவர்கள் டிக்கியைத் திறந்து உட்காரும். பேச்சும் நடக்கும், சிநேகமும் வளரும்.

இனி ஊர் சுற்றுவது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டிய இடத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடு. அதற்குள் போகிற இடம் என்றால் வழியில் நிறுத்த வேண்டியதில்லை, ராத்திரி வெளியே தங்க வேண்டியதில்லை. காலை ஒன்பதுக்குள் போய்ச் சேர், கூட்டம் வரும்போது நீ கிளம்பு. வேலையில் ஒரு நாள் விடுப்பு எடுக்க முடிந்தால் செவ்வாய், புதனில் எடு. அதே சாலையில் இன்னொரு இடத்தையும் மனதில் வைத்துக்கொள், முதல் இடம் நிரம்பிவிட்டது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினால் பிள்ளைகள் முகம் வாடாது. ஆகஸ்டில் ஒரு வாரக் கடைசியைக் காலியாக வை. போன ஆகஸ்ட் 4-ஆம் தேதி இசையாஸ் புயல் வந்து, இந்த மாநிலத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் போய்விட்டது.

கடலுக்குப் போவதென்றால் எனக்கு சாண்டி ஹுக்தான். கோடையில் வண்டி நிறுத்தத்துக்கு மட்டும் காசு, ஆளுக்குத் தனியாகக் கடற்கரை பேட்ஜ் வாங்க வேண்டியதில்லை. அங்கே 1764-இல் கட்டிய கலங்கரை விளக்கம் இன்னும் எரிகிறது, நாட்டிலேயே இயங்குகிறவற்றில் மிகப் பழையது. ஐலண்ட் பீச் ஸ்டேட் பார்க் அதைவிட அழகு. கட்டடங்கள் அதிகமில்லாத மணல், கம்பத்தின் உச்சியில் கூடு கட்டுகிற விராலடிப்பான் கழுகு. ஆனால் வெயில் நல்ல சனி, ஞாயிறு என்றால் வண்டி இடம் நிரம்பி வாசலை மூடிவிடுவார்கள். எங்கே போனாலும் உயிர்காப்பாளர் இல்லாத இடத்தில் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதே. கடல் உள்ளே இழுத்தால் கரையை நோக்கிப் போராடக் கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும் என்று பெரியவனுக்குச் சொல்லிவை. இந்த ஆபத்துக்கு முன்னால் கோவிட் எல்லாம் இரண்டாம் பட்சம்.

கடல் வேண்டாத நாளுக்கு டெலவர் அண்ட் ராரிடன் கால்வாய். 1830-களில் தோண்டிய கால்வாய், பக்கத்திலேயே எழுபது மைல் பாதை, மேடு பள்ளம் கிடையாது. எட்டு வயதுப் பிள்ளை சைக்கிள் பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. சைக்கிள் புதிதாகத் தேடி அலையாதே. போன வருஷத்திலிருந்தே கடைகளில் தட்டுப்பாடு, பழசாக ஒன்று பார்.

இன்னும் ஒரு வாரத்தில் புளூபெரி பழுக்கத் தொடங்கும், ஜூலை முடிய இருக்கும். நாமே பறித்துக்கொள்ளும் தோட்டங்கள் தெற்கே நிறைய. ஒருவருக்கும் இன்னொருவருக்கும் நடுவில் ஒரு வரிசைச் செடி இருக்கும், இந்தக் காலத்துக்கென்றே அமைந்த பொழுதுபோக்கு. அப்படியே பைன் காட்டுக்குள் இருக்கிற வைட்ஸ்பாக் கிராமத்துக்கும் ஒரு நடை போய் வா. காட்டுச் செடியாக மட்டுமே இருந்த புளூபெரியை முதன்முதலில் தோட்டப் பயிராக்கியது அங்கேதான். எலிசபெத் வைட் என்ற பெண்மணியும் ஃபிரெடரிக் கோவில் என்ற தாவரவியலாளரும் சேர்ந்து பாடுபட்டு, 1916-இல் முதல் விளைச்சலை விற்பனைக்கு அனுப்பினார்கள். பெரிய பழம் காய்க்கிற செடியைக் காட்டில் கண்டுபிடித்துக் கொடுத்தவர்களுக்கு அந்த அம்மாள் காசு கொடுத்தார். சின்னவளிடம் அதைச் சொன்னால் கூடையோடு ஒவ்வொரு செடியாக அளந்து பார்ப்பாள்.

மழை நாளுக்கு ஜாக்சனில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் சஃபாரி. போன வருஷம் மே 30-ஆம் தேதியே சொந்த வண்டியில் சுற்றிவரலாம் என்று திறந்தார்கள், பிள்ளைகளுக்கு அந்தக் கோடையின் முதல் வெளியுலகம் அதுதான். 350 ஏக்கர், காரை விட்டு இறங்கவே வேண்டாம். முன்பதிவு விதியை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பு.

பூங்காக்களில் கழிவறை பற்றி ஒரு வார்த்தை. போன வருஷம் மே மாதம் பூங்காக்களைத் திறந்தபோது கழிவறைகளைப் பூட்டியே வைத்திருந்தார்கள். அப்போது வாங்கிய மடக்குக் கழிவறை இருக்கையும் சின்னக் கூடாரமும் இன்னும் எங்கள் டிக்கியில்தான் இருக்கின்றன, வந்து வாங்கிக்கொள். திறந்திருக்கிற கழிவறை என்றாலும் வரிசை நீளமாக இருந்தால் உபயோகப்படும்.

டெக்சஸில் நீ அவ்வளவாகக் கவலைப்படாத ஒன்று இங்கே உண்டு. உண்ணி. மான் உண்ணியின் குஞ்சு மே முதல் ஜூலை வரை அதிகம், கசகசா அளவுதான் இருக்கும். லைம் காய்ச்சலைக் கொடுப்பது அதுதான். பாதையின் நடுவில் நடக்கச் சொல், முழுக்கால்சட்டையைச் சாக்ஸுக்குள் செருகிவிடு. வீட்டுக்கு வந்ததும் உடைகளை நேரே டிரையரில் போட்டுச் சூடாக ஓட்டு. குளிப்பாட்டும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால், தொப்புள், தலைமுடிக்குள், இடுப்பு நாடா பதிந்த இடம் எல்லாம் விரலால் தடவிப் பார். ஒட்டியிருந்தால் எண்ணெய், தீக்குச்சி என்று எந்த வைத்தியமும் வேண்டாம். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழு. பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் கிருமி உடம்பில் ஏறும், அதனால் அன்றைக்கே பார்த்துவிட்டால் பயமில்லை. கோடையில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கோவிட் டெஸ்ட் எடு, கூடவே காட்டுக்குப் போய் வந்ததையும் மருத்துவரிடம் சொல். டெஸ்ட் நெகட்டிவ் என்றதும் அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிடாதே.

டெஸ்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. ஏப்ரல் முதல் மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே வீட்டு டெஸ்ட் கிடைக்கிறது, இரண்டு உள்ள பெட்டி சுமார் 24 டாலர். ஒரு பெட்டி எப்போதும் அலமாரியில் இருக்கட்டும். அணியில் ஒருவருக்குக் கோவிட் என்று கோச்சிடமிருந்து ஒரு நாள் செய்தி வரலாம். அப்போது யார் மேல் தப்பு என்று பேச்சே எடுக்காதே, பிள்ளைகள் காதில் விழ யார் பெயரையும் சொல்லாதே. பெரியவனுக்கு ஊசி முழுதாக முடிந்து, அறிகுறியும் இல்லையென்றால் அவன் தனித்திருக்க வேண்டியதில்லை. சின்னவள் பக்கத்தில் இருந்திருந்தால் அவள் வீட்டோடு இருக்க வேண்டும். அண்ணன் ஆடப் போக அவள் ஜன்னலில் நின்று பார்க்கிற மாதிரி ஆகிவிடும், அது வேண்டாம். அந்த நாட்களுக்கென்று ஒரு பையைத் தனியாகக் கட்டி வை: பல்லாங்குழி, புதுக் கலர் பென்சில், இதுவரை காட்டாத ஒரு புத்தகம். அண்ணனும் அந்த நாட்கள் முழுக்க அவளோடு கொல்லையில் ஆடட்டும்.

அப்பா அம்மாவைப் பற்றி. தஞ்சாவூரில் அவர்கள் மே 24 முதல் வீட்டுக்குள் அடைந்து கிடக்க, நாம் கடலுக்குப் போவதா என்று போனில் தழுதழுத்தாய். எனக்கும் அதே வலிதான். இந்தக் கோடையில் அவர்கள் இங்கே நம்மோடு இருந்திருக்க வேண்டும். மே 4 முதல் இந்தியாவிலிருந்து வரத் தடை, விசாவும் நடக்கவில்லை. ஆனால் நாம் போய் வந்ததை அவர்களிடம் மறைக்காதே. மறைத்தால் நம் பேச்சில் சுரத்து குறையும், அம்மா கண்டுபிடித்துவிடுவாள், அப்புறம் நமக்கு ஏதோ உடம்பு சரியில்லை என்று இரண்டு பேரும் தூங்க மாட்டார்கள். இங்கே காலை ஒன்பதரை என்றால் அங்கே இரவு ஏழு. பேஸ்பால் காலை ஆட்டத்துக்கு அது சரியான நேரம். போனை வேலியில் கட்டிவைத்துக் காட்டு. போன வருஷம் என் பையன் ஆட்டத்தை அப்பா அப்படித்தான் பார்த்தார். அடித்ததும் ஏன் பேட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிறான் என்று முதல் வாரம் கேட்டவர், சீசன் முடிவதற்குள் அம்பயர் சொன்னது தப்பு என்று உன் அத்தானோடு வாதாட ஆரம்பித்துவிட்டார். அம்மாவுக்கு ஆட்டம் வேண்டாம், பேரன் இடைவேளையில் என்ன சாப்பிடுகிறான் என்று மட்டும் காட்டினால் போதும்.

வருகிற சனிக்கிழமை வேறு எதுவும் வைத்துக்கொள்ளாதே, பிரின்ஸ்டன் போகலாம். பதினேழு வருஷம் மண்ணுக்கடியில் இருந்த சில்வண்டுகள் இப்போது வெளியே வந்திருக்கின்றன. இதற்கு முன் 2004, இனி 2038-இல்தான். கறுப்பு உடம்பு, சிவப்புக் கண், ஆரஞ்சு நரம்போடிய இறக்கை. கடிக்காது, கொட்டாது, கையில் ஏறி உட்காரும். மாதக் கடைசிக்குள் அடங்கிவிடும். நீங்கள் உங்கள் காரில், நாங்கள் எங்கள் காரில், எட்டரைக்கு அங்கே இருக்கிற மாதிரி கிளம்புங்கள். இட்லி நான் கொண்டுவருகிறேன், நீ மோரை மட்டும் வெள்ளிக்கிழமை இரவே உறைய வைத்துவிடு.